கையில் ஓடிய செவ்வாய் வண்டி

இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்யலாம்.

ஒன்பதாம் வகுப்பு வாயாடிக்கும் அவள் தோழி கோந்துக்கும் அறிவியல் டீச்சர் வகுப்புப் போட்டிக்காகக் கொடுத்த வேலை, செவ்வாய்க் கிரகத்தில் ஓடுவதுபோல் ஒரு மாதிரி வண்டி செய்வது. அட்டைப்பெட்டி, மருந்து பாட்டில் மூடிகள், பழைய பொம்மைகளிலிருந்து கழற்றிய நான்கு மோட்டார்கள். சக்கரம் ஒட்டியவள் கோந்து. விரலில் எப்போதும் பசை காய்ந்திருப்பதால் அந்தப் பெயர். ஒயர் மாட்டியவள் வாயாடி.

"கீழ வச்சு ஒருவாட்டி ஓட்டிப் பார்த்துடலாம்டி," என்றாள் கோந்து, போட்டிக்கு முந்தின நாள்.

வாயாடி வண்டியைக் கையில் தூக்கிப் பிடித்து சுவிட்சைத் தட்டினாள். நாலு சக்கரமும் விர்ரென்று சுற்றின.

"பார்த்தியா? நான் மாட்டினா மாட்டினதுதான். கீழ வச்சு அழுக்காக்காத."

இடப்பக்க மோட்டாரும் வலப்பக்க மோட்டாரும் எதிரெதிரே பார்த்து உட்கார்ந்திருப்பவை. ஒரு பக்கத்து ஒயரை மாற்றி மாட்டியிருக்க வேண்டும். மாட்டவில்லை. ஒரு பக்கம் முன்னே போக, மறுபக்கம் பின்னே போனது. அந்தரத்தில் சுற்றும்போது அதெல்லாம் யார் கண்ணில் படும்?

மறுநாள் இரண்டாம் மாடி அறிவியல் கூடத்தில், மணல் பரப்பிய தட்டில் வண்டியை வைத்தார்கள். ஓர் அங்குலம் முன்னே போகவில்லை. நின்ற இடத்திலேயே பம்பரமாய்ச் சுற்றியது. மணலைத் துளைத்தது, தட்டைத் துளைத்தது, மேசையைத் துளைத்துத் தரைக்குள் இறங்கியது. முதல் மாடியில் வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. இடைஞ்சல் செய்யாமல் ஓரமாகவே சுற்றி, அந்தத் தரைக்குள்ளும் போனது. கடைசியில் தரைத்தளத்தில், தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த தாளின்மேல் போய் நின்றது.

இரண்டு ஓட்டைகள் வழியே அவர் குரல் மேலே வந்தது. "யாரு வேலை இது?"

அறிவியல் டீச்சர் திரும்பிப் பார்க்க, வாயாடியின் வாய் அவளைக் கேட்காமலே திறந்தது. "சக்கரம் ஒட்டினது இவதான் டீச்சர். ஒழுங்கா ஒட்டவே தெரியலை."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கோந்து கட்டைவிரல் பசையை உரித்தபடி நின்றாள்.

"போய் எடுத்துட்டு வா. அப்படியே வாங்க வேண்டியதையும் வாங்கிட்டு வா," என்றார் அறிவியல் டீச்சர்.

கோந்து தனியாகப் படியிறங்கினாள். வாயாடிக்குக் காதுமடல் எரிந்தது. ஓட்டை எல்லாவற்றையும் பிசகாமல் மேலே அனுப்பியது.

"ஏம்மா, இப்படியா செய்வாங்க?"

"எனக்குத்தான் ஒட்டத் தெரியலை மேடம்."

தன்னைக் கோந்து திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வாயாடி மண்டியிட்டு ஓட்டைக்குள் முகத்தை நுழைத்தாள். "அவ இல்லை மேடம்! ஒயரைத் தப்பா மாட்டினது நான். ஓட்டிப் பார்க்கலாம்னா, விடாததும் நான்!"

கீழேயிருந்து கோந்தின் குரல் வந்தது.

"கத்தாதடி. இறங்கி வந்து சொல்லு."

அத்தனை படிகளும் அன்றைக்கு இரட்டிப்பாகிவிட்டன. கீழே போய், தன் செருப்பைப் பார்த்தபடியே மறுபடி எல்லாவற்றையும் சொன்னாள். கோந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியின் ஒரு முனையை மட்டும் அவள் பக்கம் நீட்டினாள். ஒரு கையில் அடங்கும் வண்டியை இருவருமாகத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாடியே கிடையாது.