இருபதாம் தேதி வெயில்

மாதத்தின் இருபதாம் தேதியன்று, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும்வரை, பேக்கரிகளுக்குக் கேக் அட்டைப்பெட்டி விற்கும் லவினாவின் கடையில் மட்டும் சூரியன் மறைவதில்லை. காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள அந்தத் தெருவில் இது 2021 ஜூலையில் தொடங்கியது. ஏழு மணிக்குத் தெருவிளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன, வீட்டுக்கு வீடு டியூப்லைட் போட்டுவிட்டார்கள். லவினாவின் கடையில் மட்டும் ஐந்து மணி வெயில் மஞ்சளாக, சாய்வாக, அட்டைக்கட்டுகளின் மேல் விழுந்து கிடந்தது. வடக்குப் பார்த்த கடை. அந்தப் பக்கமிருந்து வெயில் வர வழியே இல்லை. கரண்ட் ஆபீஸ்காரர் வந்து மீட்டரைப் பார்த்து, கூடுதலாக ஓடவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். பக்கத்தில் பூ விற்கும் அன்னம்மாள் முக்காலியோடு கடை வாசலுக்கு வந்து, கண்ணாடி போடாமலே கனகாம்பரம் கட்டினாள். எட்டேகாலுக்கு லவினா ரிட்டர்னைப் போட்டாள். வெயில் போயிற்று. அன்னம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

அந்த வெயிலை லவினா பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டாள். அவள் கணவர் தியோடர் அந்த மே மாதம்தான் கொரோனாவில் போயிருந்தார். பதினெட்டு வருஷம் கடையில் தேதிகளெல்லாம் அவருடையவை. வாட் வரி இருந்த காலத்திலும் இருபதாம் தேதிதான் கடைசி நாள். பதினைந்திலிருந்தே அவருக்குச் சோறு இறங்காது; கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுவார். இருபதாம் தேதி எல்லாம் முடித்து, சரியாக ஐந்து மணிக்குத் தலைவாரிக்கொண்டு, ஷட்டரில் விரலால் தட்டி, "முடிஞ்சுது லவினா, கிளம்பு" என்பார். பஸ் பிடித்து மல்லேஸ்வரம் போவார்கள். எட்டாவது கிராஸ் கடைவீதியில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, தோசை தின்று, ஒரு காபியை இரண்டாகப் பிரித்துக் குடிப்பார்கள். மற்ற நாட்களில் எதற்கெடுத்தாலும் சண்டைதான். இருபதாம் தேதி சாயங்காலத்தில் மட்டும் ஒரு தடவைகூடச் சண்டை வந்ததில்லை.

ரிட்டர்ன் போடும்போது வரும் ஓடிபி இன்னும் தியோடரின் நம்பருக்கே வந்தது. லவினா அதை மாற்றவில்லை. மாதாமாதம் ரீசார்ஜ் செய்தாள். பட்டனை அழுத்தியதும் மேஜை டிராயருக்குள் அவருடைய போன் ஒருமுறை உறுமும். அதோடு வெயிலும் போய்விடும். அதனால் முதலில் அரைமணி தள்ளிப்போட்டாள், பிறகு ஒரு நாள், பிறகு மூன்று நாள். வெயில் அவசரப்படாமல் இருந்தது. 2022 டிசம்பர் இருபதாம் தேதி லேப்டாப்பைத் திறந்தவள், திரும்ப மூடிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

கடைக்குள் அதன்பின் ஒரே சாயங்காலம்தான். அவளுக்குப் பசிக்கவில்லை, தூக்கம் வரவில்லை, முன்னாலிருந்த டீ ஆறவில்லை. வெளியே கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் கட்டினார்கள், பொங்கலுக்கு முன்னால் அவிழ்த்தார்கள். கடைக்குள் வைத்த மல்லிகை வாடவில்லை என்று கண்டுகொண்ட அன்னம்மாள், "இருபதாம் தேதிப் பூ" என்று சொல்லியே வழக்கமான விலைக்கு விற்றாள். பேக்கரிக்காரர்கள் சிலநாள் வந்து பார்த்துவிட்டு வேறு இடத்தில் பெட்டி வாங்கப் போனார்கள். ஆடிட்டர் வெங்கடசுப்ரமணியன் நேரிலேயே வந்தார்.

"மூணு மாசத்துக்கு ஒருதடவை போடுற ஸ்கீமுக்கு மாத்திடலாம்மா. வருஷத்துக்கு நாலே ரிட்டர்ன், தொல்லை விட்டுது."

"எட்டு சாயங்காலம் போயிடுமே சார்."

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பத்து நிமிஷம் என்று நினைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் இரண்டு நாள் கழிந்திருந்தது. அவர் மனைவி கோமளம், ஆளைக் காணவில்லை என்று போலீஸில் எழுதிக்கொடுத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

லவினாவின் ஒரே மகள் லீனா ஹெப்பகோடியில் புருஷன் வீட்டில் இருந்தாள். ஆடிட்டர் கதை தெரிந்ததால் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரமாட்டாள். லவினாவின் கணக்கில் அவள் அந்த ஒரு சாயங்காலத்தில் மூன்று முறை வந்தாள். முதல்முறை துப்பட்டா வயிற்றை மறைத்திருந்தது. அடுத்தமுறை மறைக்கவில்லை. மூன்றாவது முறை ஆட்டோவிலிருந்து இறங்கி, நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"இப்பதானே போனே, மறுபடி ஏன் அலையறே?" என்றாள் லவினா.

"இப்பவா? ஒன்றரை மாசம் ஆச்சு மம்மி. தலைப்பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போக நீ வருவே வருவேன்னு பையைக் கட்டி வெச்சிருந்தேன். அவங்க வீட்டுல கேக்கறதையே விட்டுட்டாங்க."

லவினா ஆறாத டீயைத் தள்ளி வைத்தாள்.

"ஏப்ரல் அஞ்சுன்னு டாக்டர் டியூ டேட் குடுத்திருக்காங்க. அதுக்கு எக்ஸ்டென்ஷன் எல்லாம் கிடையாது மம்மி."

சொல்லிவிட்டு லீனா படியைத் தாண்டி உள்ளே வந்து, அம்மாவின் பக்கத்தில், தியோடரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெயில் அவள் வயிற்றின் மேல் விழுந்தது. அந்தப் பிள்ளையும் இங்கேயே நின்றுவிடுமோ என்று லவினா பயந்தாள். லேப்டாப்பைத் திறந்தாள். டிசம்பர் இருபதில் போடாமல் விட்ட நவம்பர் கணக்கைப் போட்டாள், போன் உறுமியது, வெயில் சுவரில் ஒரு முழம் மேலேறியது. டிசம்பர், ஜனவரி. பிப்ரவரிக்கு மட்டும் விரல் நகர மறுத்தது. லீனா அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான்காவது ஓடிபி வந்தபோது வெயில் மேலே பல்லி ஒட்டியிருந்த மூலைவரை போய், அணைந்தது. அதேநேரம் மூன்று மாதத்துப் பசியும் ஒன்றாக வந்து லவினாவைப் பிடித்தது. லீனாவின் பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டுகளைப் பிரித்து, அம்மாவும் மகளும் அட்டைக்கட்டின் மேல் உட்கார்ந்து, சொல்லமுடியாத அழுகையும் சிரிப்புமாகத் தின்று தீர்த்தார்கள். வெளியே வந்து பார்த்தால், கடைக்குள் கழிந்த அந்த அரைமணிக்கு ஐந்து நாள் போயிருந்தது. ஏப்ரல் ஐந்தாம் தேதி, ஒருநாள் முன்பின் இல்லாமல், பெண்குழந்தை பிறந்தது.

அந்த மூன்று மாத ஸ்கீமுக்கு லவினா மாறவில்லை. இருபதாம் தேதியை இருபதாம் தேதியே முடித்துவிடுகிறாள். ஏழரைக்கு வாசலை எட்டிப் பார்த்து, "போடட்டுமா?" என்று கேட்பாள். வாசல் வெயிலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற தெருப் பிள்ளைகள் கடைசி வரியை முடித்துக்கொள்ளும். போன வருஷம் எதிர்வீட்டு மாடி காலியானபோது, வீட்டுச் சொந்தக்காரி சரளா குடிவர வந்தவர்களுக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னாள்: அட்வான்ஸ் பத்து மாத வாடகை, காவேரித் தண்ணீர் வாரம் இரண்டு நாள், நாய் கூடாது, இருபதாம் தேதி முன்னறையில் ஏழரைவரை வெயில் அடிக்கும், திரை போட்டுக்கொள்ளலாம். அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தார்கள்.