குதிரைகளுக்கு ஒரு நன்றியுரை

"காகிதத்துல இருக்கறத மட்டும் வாசி. ஒரு எழுத்து கூட்டாத, கொறைக்காத" என்று யோஷிசதா மூன்றாவது முறையாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே கறுப்புக் கோட்டின் பித்தானோடு மல்லுக்கட்டினான்.

அவன் மனைவி கினுயோ மிசோ சூப்பை அவன் முன்னால் டக்கென்று வைத்தாள். கொஞ்சம் மேசையில் சிந்தியது.

"'வலியே தெரியாமல் எங்களுக்காக உயிர் தந்தீர்களே'ன்னு எழுதியிருக்கு. செவ்வாக்கிழமை அந்தச் செம்பட்டைக் குதிரைக்கு வலி தெரியலையா?"

"நான் கறி வெட்டுற பக்கம் நிக்கறவன். எனக்கு எப்படித் தெரியும்?"

"அது கத்துனது கூடவா கேக்கல?"

யோஷிசதா சூப்பை உறிஞ்சினான். பிறகு, "ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துலதான் சோறு. நீ வாயத் தொறந்தா ரெண்டு கிண்ணமும் கவுந்துடும், பாத்துக்க" என்றான். அதுவும் உண்மைதான்.

ஜப்பானின் குமமோட்டோவில் குதிரைக்கறிக்கு இருக்கும் மரியாதை பல மனிதர்களுக்குக் கிடையாது. அந்த ஊர்க் கூட்டுறவுக் கசாப்புக்கூடத்தில், பட்டியிலிருந்து கொல்லும் கூண்டுவரை குதிரைகளைக் கயிறு பிடித்துக் கூட்டிப் போவது பதினோரு வருஷமாகக் கினுயோவின் வேலை. நடுவில் ஒரு சிமெண்டுப் பாதை. சரிவானது, எந்நேரமும் கழுவிவிட்டு ஈரமாகவே கிடக்கும். லாடம் அடித்த கால் அதில் நிற்காது. வழுக்கி மிரண்ட குதிரை கூண்டுக்குள் போயும் தலையை உதறும். நெற்றியில் ஒரே இடத்தில் பட வேண்டிய துப்பாக்கிச் சூடு வேறெங்கோ படும். பிறகு இரண்டாவது முறை. செவ்வாய்க்கிழமை மூன்று முறை.

பாதைக்கு ஒரு ரப்பர் விரிப்பு வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள். "அடுத்த வருஷம் பாப்போம்மா" என்பார் தலைவர் மட்சுனாகா. குதிரைகளைக் கூட்டுறவு மறந்துவிட்டது என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. செத்த குதிரைகளுக்காக வாசலருகே ஆள் உயரத்தில் கருங்கல் நட்டிருந்தார்கள். வருஷாவருஷம் துறவி வந்து மந்திரம் ஓதுவார், ஊதுபத்தி புகையும், கூடை நிறையக் கேரட் படைப்பார்கள். அங்கே ஒரு குதிரைக்கு உபசாரம் வேண்டுமென்றால் அது முதலில் செத்துத் தொலைய வேண்டும்.

இந்த வருஷம் புதிதாக ஒரு நன்றியுரை. பெண்பிள்ளை வாசித்தால் நாலு பேர் கண் கலங்குவார்கள் என்பது தலைவரின் கணக்கு.

கறுப்புக் கோட்டுகளுக்கு முன்னால் நின்று கினுயோ வாசித்தாள். 'வலியே தெரியாமல்' என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள். பின்னால் பட்டியில், மறுநாளைக்கென்று வந்திருந்த ஏழு குதிரைகளில் ஏதோ ஒன்று தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் காகிதத்தை மடித்தாள்.

"செவ்வாக்கிழமை போன செம்பட்டையே, ஒங்கிட்ட மன்னிப்பு கேக்கணும். ஒன்னக் கூட்டிட்டுப் போனவ நான்தான். நாலு தடவ வழுக்கி விழுந்த. ஒவ்வொரு தடவையும் எழுந்து என் மூஞ்சியத்தான் பாத்த. நான் வா வான்னேன், நீயும் நம்பி வந்த. மூணு தடவ சுட்டுத்தான் உயிர் போச்சு. ஒரு ரப்பர் விரிப்பு இருந்தா ஒண்ணோட முடிஞ்சிருக்கும். நாளைக்கு ஏழு பேரு வர்றாங்க. தரை அப்படியேதான் கெடக்கு."

யோஷிசதா தன் செருப்பை ஆராய்ந்தான். திடீரென்று முன்வரிசையில் இருந்த துணை மேயர் விசும்பினார். உடனே வரிசை முழுக்கக் கைக்குட்டைகள் வெளியே வந்தன. வெளிறிப்போயிருந்த மட்சுனாகா இருபக்கமும் பார்த்துவிட்டுத் தானும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"உருக்கிட்டீங்கம்மா!" என்றார் துணை மேயர், அதற்குப் பிறகு நடந்த விருந்தில். இஞ்சியும் சோயா சாஸும் தொட்டுப் பச்சைக் குதிரைக்கறித் துண்டு ஒன்றை வாயில் போட்டபடி, "இனிமே ஒவ்வொரு வாய்க்கும் ஒங்க பேச்சு ஞாபகம் வரும்" என்று கண்ணைத் துடைத்தார். துக்கம் அவர் பசியைக் கொஞ்சமும் பாதிக்கவில்லை.

"ரப்பர் விரிப்பு நாளைக் காலையில வந்துடும்!" என்று மட்சுனாகா எல்லோர் முன்னிலும் அறிவித்தார். இத்தனை நாள் இந்த மனுஷனைத் திட்டித் தீர்த்தோமே என்று கினுயோ வெட்கப்பட்டு, அவருக்குத் தன் கையாலேயே சாராயம் ஊற்றிக் கொடுத்தாள்.

சொன்னபடி காலையில் விரிப்பு வந்தது. தடிமனானது, வரிவரியானது, கால் பிடிமானத்துக்குக் குறை சொல்ல முடியாதது. வாசலிலிருந்து கருங்கல்வரை அழகாக விரித்திருந்தார்கள்.

"நேத்து துணை மேயர் கல்லுகிட்ட லேசா வழுக்கிட்டாரு" என்றார் மட்சுனாகா. "நல்லவேள, நீ விரிப்புன்னு சொன்னியோ, எனக்கு ஒறச்சுதோ! பெரிய மனுஷங்க வந்துபோற எடம் பாரு."

"அப்ப குதிரைங்க வர்ற பாதைக்கு?"

"அடுத்த வருஷம் பாப்போம்மா."

அவர் அலுவலகத்துக்குள் போகும்வரை கினுயோ காத்திருந்தாள். பிறகு குனிந்து விரிப்பைச் சுருட்டத் தொடங்கினாள். பிணக்கனம் கனத்தது. பாதித் தூரம் இழுத்திருப்பாள், யோஷிசதா எதிரே வந்தான். தடுக்கத்தான் வருகிறான் என்று நினைத்து முறைத்தாள். அவன் அலுவலக ஜன்னலை ஒருமுறை பார்த்தான்.

"இழுக்காத, இடுப்பு புடிச்சுக்கும். அந்தப் பக்கம் தூக்கு" என்று மறுமுனையைப் பிடித்தான்.

முதல் குதிரை விரிப்பை முகர்ந்து பார்த்தது. ஒரு காலை வைத்தது, அழுத்திப் பார்த்தது. அப்புறம் நடந்தது. கடைசிவரை தலையைத் தாழ்த்தியே நடந்தது. ஒரே ஒரு முறைதான் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. கினுயோ அப்போதும் அழுதாள். ஆனால் செவ்வாய்க்கிழமை அழுத அழுகை அல்ல அது.

மட்சுனாகா மூச்சிரைக்க ஓடி வந்தார். "கல்லுக்குப் போட்ட விரிப்ப எடுத்தது யாரு?"

"நான்தான்" என்றாள் கினுயோ, இரண்டாவது குதிரையின் கயிற்றை அவிழ்த்தபடி. "கல்லு எங்கயும் நடந்து போகப் போறதில்லையே, தலைவரே. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. குதிரை வருது."