இடம் அடைக்காத சுவர்

அன்று காலையில் நான் ஒரு வரிசை வீட்டை அளந்துவிட்டு வந்திருந்தேன். வரிசை வீடுகளை வெளிப்புறத்தில் நடந்து அளக்க வேண்டும். செங்கல்லின் வெளிமுகம் வரை வீட்டின் பரப்பில் சேரும். அடுக்ககத்தில் அப்படியன்று. அங்கே வெளிச்சுவர் எல்லாருக்கும் பொது. அதன் உள்முகத்தோடு வீடு முடிந்துவிடுகிறது. வங்கிகளுக்காக வீடுகளை மதிப்பிடும் மதிப்பீட்டாளராக இந்த வேறுபாட்டை வைத்தே பத்தொன்பது ஆண்டுகள் பிழைத்திருக்கிறேன்.

நான்காம் மாடியில் கதவைத் திறந்த தையல்காரி தலைமுதல் பாதம்வரை வெண்மையாக இருந்தாள். அவளுக்குப் பின்னால் வீடும் வெண்மையாக இருந்தது.

"செருப்போடயே வாங்க மேடம். கழட்டினா கால் வெளுத்துடும்."

உள்ளே சுண்ணத்தூசி அடங்காமல் நின்றது. பிற்பகல் வெளிச்சம் அதில் நுழைந்து, வெளியேற மனமின்றித் தங்கிவிட்டது போலிருந்தது. தையல் இயந்திரமும் துணிச்சுருள்களும் ஒரு குளத்தின் அடியில் கிடப்பனவாகத் தெரிந்தன. சமையலறைச் சுவரருகே ஒருவர் கையில் சம்மட்டியுடன் நின்றார்.

"எங்க அத்தான். அக்கா வீட்டுக்காரர். எதிர் வீடுதான். பஸ் ஓட்டறார்."

"பதினாறு வருஷமா பஸ்ஸை எங்கயும் இடிச்சதில்ல மேடம்," என்றார் அவர். "அந்த ஆசையை மச்சினி வீட்டுல தீர்த்துக்கிட்டேன்."

செய்தி இதுதான். பதினோரு ஆண்டுகளாக அவள் இங்கே வாடகைக்கு இருக்கிறாள். உரிமையாளர் வீட்டை விற்கிறார், அவளே கடன் எடுத்து வாங்கப் பார்க்கிறாள். மாத இறுதிவரை அவளுக்காகக் காத்திருப்பார், அதன்பின் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். அப்படியானால் அக்காவின் வாசலை விட்டு அவள் போக வேண்டியிருக்கும். ஐந்நூறு சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கு அவள் வங்கி கடன் தராது. துணி அளக்கும் நாடாவால் அறை அறையாக அளந்து கூட்டியிருக்கிறாள்: நானூற்று எண்பத்தெட்டு. ஆகவே, உரிமையாளரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்று, கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவிலிருந்த பன்னிரண்டடிச் சுவரை நேற்று இடித்துவிட்டார்கள்.

"அதுல அஞ்சு சதுர அடி கிடைச்சுது," என்றாள். "சமையலறைச் சுவர் ஏழு தரும். ஐந்நூறு, கச்சிதமா வருது."

"குளியலறைச் சுவரும் இருக்கு," என்றார் அத்தான்.

"அதைத் தொட்டீங்கன்னா அக்காகிட்ட சொல்லிடுவேன்."

"முதல்ல நான் அளந்துக்கறேன்," என்றேன். "அதுவரைக்கும் கொஞ்சம் பொறுங்க."

வாசலின் இடப்பக்க மூலையிலிருந்து தொடங்கினேன். லேசர் கருவி வழக்கமாக எதிர்ச்சுவரில் ஒரு சிவப்புப் புள்ளியை மட்டுமே வைக்கும். இடையில் நடப்பதைக் கண் காணாது. அன்று தூசியில் கோடு முழுவதும் தெரிந்தது. சுவரிலிருந்து சுவருக்கு ஒரு சிவப்பு நூல், தொய்வின்றி, மெல்லப் புகைந்துகொண்டு.

"இந்த நூல் எங்க மேடம் கிடைக்கும்?" என்றாள் தையல்காரி, தாழ்ந்த குரலில்.

இடிந்த சுவர் நின்ற இடத்தில், தரையில் ஒரு சாம்பல் நிறப் பட்டை ஓடிற்று. இரண்டாம் நீளத்தை எடுத்து முடித்த பிறகே கவனித்தேன்: அந்தப் பட்டையை நான் ஒருமுறையும் தாண்டவில்லை. கதவிருந்த இடத்துக்குச் சென்று, அதன் வழியாகவே உள்ளே போய் வந்திருக்கிறேன். அவர்களும் அப்படியே நடந்தார்கள். அத்தான் ஒருமுறை தலையைக்கூடக் குனிந்துகொண்டார்.

இருபத்தாறடி நீளம், பத்தொன்பதரை அடி அகலம். மீண்டும் அளந்தேன். மாற்றமில்லை.

"ஐந்நூத்தேழு," என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க கூட்டும்போது நடுச்சுவரையெல்லாம் விட்டுட்டீங்க."

"சுவருக்குள்ள யாரு மேடம் குடியிருக்கறாங்க?"

"யாரும் இல்லதான். ஆனா உள்சுவர் வீட்டுப் பரப்புல சேரும். வெளிச்சுவர்தான் சேராது."

"அப்ப நேத்து இடிச்சது?"

"இருந்தாலும் ஐந்நூத்தேழு. இல்லாட்டியும் ஐந்நூத்தேழு."

அத்தான் சம்மட்டியை ஓசையின்றித் தரையில் வைத்தார். தையல்காரி சிரிக்கத் தொடங்கினாள். நான் கையை உயர்த்தியதும் நிறுத்தினாள்.

"படுக்கையறை எத்தனைன்னு நான் எழுதணும். சுவரும் கதவும் இருந்தாத்தான் அது அறை. இப்ப ஒண்ணும் இல்ல. படுக்கையறை இல்லாத வீட்டுக்கு உங்க பேங்க் கடன் தராது."

வீட்டில் தூசி இறங்கும் ஓசை கேட்டதென்றால் நம்பமாட்டார்கள், எனக்குக் கேட்டது.

"ஒரு வழி இருக்கு," என்றேன். "சுவர் திரும்பவும் எழுப்பப்படும்ங்கற நிபந்தனையோட மதிப்பு எழுதித் தரலாம். மாசம் முடியறதுக்குள்ள நான் வந்து கண்ணால பார்க்கணும். பன்னிரண்டு நாள் இருக்கு."

"திரும்பக் கட்டினா பரப்பு குறையாதே?"

"குறையாது."

"கொஞ்சம் தடிமனாயிட்டா?"

"அப்பவும் குறையாது."

"அத்தான் கட்டினா?"

"அதுக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது."

"ஓட்டறதுக்குத்தான் லைசென்ஸ் இருக்கு மேடம்," என்றார் அவர். "கட்டறதுக்கு ஆள் பார்க்கறேன்."

ஆள் கிடைக்கவில்லை என்பதைப் பதினோராம் நாள் கண்டேன். சுவர் எழும்பியிருந்தது, மேலே செல்லச் செல்லக் கூடத்தின் பக்கம் ஏதோ கேட்க விரும்புவது போல இலேசாகச் சாய்ந்திருந்தது. கதவு பொருந்தியது. மூடியபோது தாழ்ப்பாளும் விழுந்தது. தேவையில்லை என்றாலும் ஒருமுறை அளந்தேன். ஐந்நூற்றேழு.

தையல்காரி படுக்கையறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளிருந்து குரல் வந்தது.

"தெரியறேனா மேடம்?"

"தெரியல."

"அப்ப எழுதிக்கோங்க."

கூடத்தில் மேசை ஏதும் காலியாக இல்லை. படிவத்தைப் புதுச்சுவரில் வைத்து அழுத்தி, படுக்கையறை என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதிக் கையெழுத்திட்டேன். சுவர் உலர்ந்திருக்கவில்லை, காகிதத்தின் பின்புறம் முழுவதும் வெள்ளை ஒட்டிக்கொண்டு வந்தது. கறைபட்ட தாளை வங்கிக்கு அனுப்பும் வழக்கம் எனக்கில்லை. அதை அப்படியே அனுப்பினேன்.