தண்ணீர் கேட்காத புல்

மண்வெட்டி சுலபமாக இறங்கியது, ஏறத்தான் மறுத்தது. முந்தின நாள் தண்ணீர் விட்டு ஊறப்போட்ட கரிசல் களி, இரும்பைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஒவ்வொரு வெட்டுக்கும் கமலாத்தாள் குச்சியால் மண்ணை வழித்து எறிய வேண்டியிருந்தது. மண்ணோடு பெயர்ந்து வந்த புல் அவளே நட்டு, களை பிடுங்கி, ஓரம் கத்தரித்து வளர்த்தது.

எல்லையோர ஊரான பெருமாட்டியில் வாசலுக்கு முன்னால் புல்தரை வைத்திருந்தவர் மோகனசுந்தரம் ஒருவர்தான். தென்னை விவசாயிகள் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் இல்லாதவர்களும் தன்னைத் தலைவர் என்றே கூப்பிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். மழைக்காலத்தில் களிமண்ணில் தண்ணீர் கட்டிப் புல் அழுகும். கோடையில் மண் வெடித்துப் புல் கருகும். இரண்டுக்கும் நடுவே மிஞ்சுகிற கொஞ்ச நாளில் அவர் அதன்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாட்டைத் திருத்துவார். மற்ற நாளெல்லாம் புல் கமலாத்தாளின் பொறுப்பு. அது சாகச் சாகத்தான் அவளுக்கு வேலை இருந்தது.

"இனி தண்ணி வேண்டாம், வெட்ட வேண்டாம், உரம் வேண்டாம். அதும்பாட்டுக்குப் பச்சையா இருக்கும்," என்று போன வாரம் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். "உனக்கும் வயசாகுது கமலாத்தா. ஊட்டுல இருந்து சென்னிமலையப் பாத்துக்கோ. நல்ல நாள் நோம்பிக்கு வந்துட்டுப் போ."

வரம் கொடுக்கிறவர் முகத்தோடுதான் சொன்னார். அவளுடைய புருசன் சென்னிமலை அவர் தோப்பில்தான் மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கட்டிலில் கிடந்தான். இருவர் சோறும் இந்த வாசலிலிருந்துதான் போனது. வயல்களெல்லாம் தென்னையாகிவிட்ட ஊரில் களைவெட்டுக்குக்கூட யாரும் கூப்பிடுவதில்லை.

"ஆகட்டுங்க," என்றாள். வேறென்ன சொல்வாள்? பிளாஸ்டிக் புல் போட வந்த ஜிஜோ மண் வெட்ட ஆள் பத்தவில்லை என்றதும், தலைவர் அவளையே அனுப்பிவைத்தார்.

ஜிஜோ கொச்சிக்காரன், பிள்ளைகள் பந்து விளையாடும் டர்ஃப் போட்டுப் பழகியவன். தரையை மதில் பக்கம் சரிவாக வெட்டச் சொன்னான். சரிவின் அடியில் வாய்க்கால் எடுத்து, துளைபோட்ட பைப்பைப் பதித்தான். களிமண்மேல் துணி மாதிரி ஒரு வெள்ளை ஷீட்டை விரித்து, அதன்மேல் ஜல்லி, ஜல்லிமேல் பாறைப்பொடி, எல்லாவற்றுக்கும் மேலே புல்.

"சேச்சி, ஷீட்டு ஒண்ணுக்கு மேல ஒண்ணு நல்லா ஏறி நிக்கணும் கேட்டோ."

"நடுவுல சந்து உட்டா என்னாகுமுங்க தம்பி?"

"களி மேல வந்து ஜல்லிய அடைச்சிரும். மழைக்கு வெள்ளம் கெட்டி நிக்கும். பின்ன எல்லாத்தையும் பிரிச்சு மாத்தணும்."

அவன் அந்த முனையைப் பிடித்திருந்தான். இந்த முனை அவள் கையில். அவன் கயிறு பிடித்து மட்டம் பார்க்கத் திரும்பினான். ஒரு சாண் உள்ளே இழுத்தால் போதும், ஆடிக்குள் இந்த வாசல் மறுபடி சேறாகும். தலைவர் வீட்டுக் கார் அவளைக் கூட்டிப்போக வராவிட்டாலும் ஆள் வரும். கமலாத்தாள் ஷீட்டைப் பார்த்தாள். சுருக்கம் விழுந்திருந்தது. நீவிவிட்டு, ஒரு முழம் ஏற்றிப் போட்டு, பறக்காமல் இருக்க மேலே கல்லும் வைத்தாள்.

"சூப்பர்," என்றான் ஜிஜோ. "எங்கூட வர்றீங்களா சேச்சி? கொச்சியில வேல இருக்கு."

"கட்டிலோட வாரட்டுங்களா?" என்றாள். ஜிஜோவுக்கு அது விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திறப்புவிழா. புல்லுக்கு ரிப்பன் கட்டியிருந்தது. சங்கத்தார் வந்தார்கள், பந்தல் வந்தது, மைக் வந்தது. நம் மண் தண்ணீரை விடாத மண், நம் மக்களும் பழசை விடாத மக்கள் என்று ஆரம்பித்த தலைவர், வடிகால்தான் நாகரிகத்தின் அடையாளம் என்று முடித்தார். பிறகு கையசைத்தார். வாடகைக்கு வந்திருந்த டேங்கர் லாரி, ஒரு வண்டித் தண்ணீரையும் புல்மேல் கொட்டியது.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பந்தல் காலோரம் நின்ற கமலாத்தாளும் பார்த்தாள். எங்காவது ஒரு மூலையில், கை அகலம் நின்றால்கூடப் போதும். தண்ணீர் நுரைத்து, சுழன்று, உறிஞ்சின சத்தத்தோடு இறங்கிப் போய்விட்டது. கை தட்டினார்கள். தலைவர் அது தனக்கு என்று எடுத்துக்கொண்டார்.

பந்தி முடிந்து வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கோயமுத்தூரிலிருந்து வந்த தலைவர் மகள் செல்வப்பிரியா படம் எடுக்கச் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கால் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

"அப்பா, தோசக்கல்லாட்டச் சுடுதுங்கப்பா."

தலைவர் ஜிஜோவைப் பார்த்தார்.

"பிளாஸ்டிக் தானே சார், உச்சைக்குச் சூடாகும்," என்றான் ஜிஜோ. "கொஞ்சம் வெள்ளம் தெளிச்சா மதி, போதும்."

"கமலாத்தா, ஓசு பைப்ப எடு."

எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தவள் கையைக் கழுவக்கூட நிற்கவில்லை. பைப்பை இழுத்துக்கொண்டு வந்தபோது அவள் நடையே மாறியிருந்தது.

"ஏனுங் தம்பி, இது தெனமும் தெளிக்கோணுமுங்களா?"

"வெயில் உள்ள நாள் எல்லாம் வேணும் சேச்சி."

பெருமாட்டியில் வெயில் இல்லாத நாள் எத்தனை என்று அவளுக்குத் தெரியும். சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"சார், ஸ்பிரிங்ளர் வெச்சா நல்லது," ஜிஜோ தலைவர் பக்கம் திரும்பினான். "டைமர் செட் பண்ணிட்டா அதுவே ஓடும். திங்கக்கெழம கொண்டுவந்து ஃபிட் பண்றேன்."

"அதச் செய் மொதல்ல," என்றார் தலைவர். பிறகு பெருந்தன்மையாக அவள் பக்கம் திரும்பினார். "நாளைக்கு வரைக்கும் நீ பாத்துக்கோ கமலாத்தா."

மோட்டார் ஓடியது. கமலாத்தாள் குழாயைப் புல் பக்கம் திருப்பினாள். ஓரத்துப் புல்தான் முதலில் வாடும் என்று மதிலோரத்திலிருந்து ஆரம்பித்து, வேர் நனையட்டும் என்று குழாயைத் தாழ்த்திப் பிடித்தாள்.