ஒரு வயதுக்கு ஒரு நாள் குறைவு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கான முதலுதவி வகுப்புக்கு நான் போனது கதை தேடித்தான். நர்ஸ் சொல்லிக் கொடுத்தது ஒரு காதில் விழுந்து மறு காதில் போனது. பக்கத்தில் ரப்பர் பொம்மையோடு மல்லுக்கட்டிய லிஃப்ட் மெக்கானிக்கைத்தான் வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். அதன் பலனை இப்போது அனுபவிக்கிறேன்.

2

மெக்கானிக்குக்கு எல்லாம் பட்டியல்படி நடக்க வேண்டும். டிக் போடாமல் ஒரு திருகைக்கூடத் தொடமாட்டார். (மனைவியின் பிரசவத்துக்கும் பட்டியல் வைத்திருந்தார் என்று எழுதி அடித்துவிட்டேன். பாவம், அவ்வளவு மோசமில்லை.) திங்கட்கிழமை மனைவி வேலைக்குத் திரும்புகிறாள். பகலெல்லாம் மகளோடு அவர் தனியாக இருக்கவேண்டும். அந்தப் பயம்தான் சனிக்கிழமை அவரை வகுப்புக்கு இழுத்து வந்தது.

நர்ஸ் இரண்டு தாள் கொடுத்தார். ஒன்று ஒரு வயதுக்குக் கீழே, மற்றது ஒரு வயதுக்கு மேலே. மகளுக்கும் அதே திங்கட்கிழமைதான் ஒரு வயது நிறைகிறது. புது லிஃப்ட் வந்தால் பழைய கையேட்டைத் தூக்கிப் போடுவது அவர் தொழிலில் வழக்கம். முதல் தாளைக் குப்பைக்கூடையில் போட்டார். கைக்குழந்தை அளவில் இருந்த சின்னப் பொம்மையைத் தொடவே இல்லை.

3

ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு திராட்சை

வேண்டாம். இப்படித் தொடங்கினால் எல்லாம் முன்பே தெரிந்துவிடும்.

மனைவி துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தாள். தவழ்ந்து வந்த மகள் தட்டிலிருந்த திராட்சையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். அழவில்லை, இருமவில்லை. முகம் மட்டும் நிறம் மாறியது. மெக்கானிக் அவளை வாரி எடுத்தார். இரண்டாம் தாளில் படித்தபடி வயிற்றை அமுக்கப் போன கை பாதியில் நின்றது. இன்னும் ஒரு நாள் இருக்கிறதே.

இங்கே எனக்கும் கை ஓடவில்லை. அடுத்து என்ன செய்யவேண்டும் என்று எனக்கும் தெரியாது.

(உண்மையான மெக்கானிக்கின் மகள் நலம் என்றே நினைக்கிறேன். விசாரிக்கவில்லை. பயமாக இருக்கிறது.)

4

நர்ஸுக்குப் போன் செய்தேன்.

"கதையில குழந்தைக்கு என்ன வயசு?"

"ஒண்ணுக்கு ஒரு நாள் குறைவு."

"அப்போ வயித்தை அமுக்கவே கூடாது. முன்னங்கையில குப்புறப் போட்டு, தலை தாழ இருக்கணும். முதுகு நடுவுல அஞ்சு தட்டு. வரலேன்னா திருப்பி, நெஞ்சு நடுவுல ரெண்டு விரலால அஞ்சு அழுத்து. வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி. சம்சாரத்தைக் கூப்பிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொல்லுங்க."

"அவர் பெரிய குழந்தைக்கு உள்ளதைத்தான் படிச்சிருக்கார்."

"அதுலயும் முதல்ல முதுகுல அஞ்சு தட்டுதான். ரெண்டு தாள்லயும் முதல் வரி அதுதானே. நீங்க கவனிக்கலையா?"

எனக்குக் கொடுத்த தாள்களை மேசையில் தேடினேன்.

"சரி, இப்போ அவர் என்ன பண்றார்?"

"நிக்கிறார்."

"எவ்வளவு நேரமா?"

"நான் உங்களுக்குப் போன் பண்ணதுலேருந்து."

நர்ஸ் போனை வைத்துவிட்டார்.

5

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் திராட்சை தரையில் உருள்கிறது; மகள் வீடே அதிரக் கத்துகிறாள். இன்னொன்றைக் கிழித்துப் போட்டேன். எதையும் நம்ப முடியவில்லை. மெக்கானிக்கை நிற்கவைத்தது தாளா, நானா என்றும் விளங்கவில்லை. அவர் இன்னும் அங்கேயே நிற்கிறார்.

நீங்கள் நான்காம் பகுதியைப் படித்துவிட்டீர்கள். அவர் படிக்கவில்லை. மகளை உங்களிடம் கொடுக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கு இரண்டு கையும் வேண்டும். கதையைக் கீழே வையுங்கள்.