கொப்பியில் இல்லாத எண்கள்

மாற்ற வேண்டியது நான்கு பற்றரிகள். சப்னா பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டாள். பிரஷர் மெஷினுக்கு உயிர் வந்துவிட்டதா என்று பார்க்க, கைக்கு அகப்பட்ட ஒரு பொத்தானை அமுக்கினாள்.

191. அதன் கீழே 118.

அவள் கையில் பட்டி சுற்றியிருக்கவில்லை. யார் கையிலுமே இல்லை. திரையின் ஓரத்தில் சின்னதாக இன்றைய திகதி, காலை ஆறு பத்து. மெஷின், தான் சேர்த்து வைத்திருந்ததைக் காட்டுகிறது.

இன்னொரு தரம் அமுக்கினாள். 184, நேற்று இரவு. இன்னொரு தரம். 187, நேற்றுக் காலை.

மேசையில் கிடந்த கொப்பியை இழுத்துப் பிரித்தாள். உம்மாவின் கையெழுத்து. இன்று காலை 138. நேற்று இரவு 136. நேற்றுக் காலை 138. அதற்கு முந்திய பக்கங்களிலும் அதே நல்ல பிள்ளை எண்கள். மூன்று மாதமாக இந்தக் கொப்பியைத்தான் சப்னா கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டி வந்தாள். டொக்டரும் பார்த்துச் சந்தோசப்பட்டு, அதே குளிசைகளையே தொடரச் சொல்லி வந்தார். முதல் நாளே அவர் ஒன்று சொல்லியிருந்தார். நூற்றியெண்பதைத் தாண்டிக்கொண்டே இருந்தால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம், தலையிடியோ கண் மங்கலோ சேர்ந்தால் ஒரு நிமிஷமும் பிந்த வேண்டாம்.

இன்று பகல் உம்மா சோறு வேண்டாம் என்று படுத்தது தலையிடியால்தான்.

உள்ளறையில் றமீஸா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஐம்பத்தாறு வயது. கணவர் மௌத்தாகி நான்கு மாதம் ஆகப்போகிறது. அன்றிலிருந்து இத்தா இருக்கிறாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே இறங்காமல் இருக்க வேண்டிய காலம். வாவிக்கரைப் பக்கமிருந்து காற்று வரும் அந்த ஒற்றை ஜன்னலைக்கூட அவள் திறக்க விடவில்லை.

சப்னா மெஷினை உள்ளே எடுத்துப் போனாள். உம்மாவை எழுப்பிச் சாய்த்து உட்கார வைத்து, பட்டியைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினாள். மெஷின் உறுமியது, இறுக்கியது, மூச்சு விட்டது.

204. 126.

ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி பார்த்தாள். 206.

"எத்தின?" என்றாள் றமீஸா, கண்ணைத் திறக்காமலே.

"கொப்பியில எழுதுற கணக்கா, மெய்யான கணக்கா உம்மா?"

றமீஸா கண்ணைத் திறந்தாள். பிறகு மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலமே இல்லை.

"வாசலத் தாண்டினா இத்தா முறிஞ்சிரும் மவள். முதல்ல இரிந்து எண்ணணும். இன்னம் பதினொரு நாள்தான் இரிக்கி. அதுக்குப் பொறகு எங்க வேணுமெண்டாலும் கொண்டு போ."

யார் சொன்னது என்று கேட்டதற்கு, துக்கம் கேட்டு மையித்து வீட்டுக்கு வந்த யாரோ ஒரு பெண் சொன்னதாம். பெயர்கூடத் தெரியாது. அந்த ஒற்றைச் சொல்லை நம்பித்தான் இத்தனை நாளாக உம்மா எரிமலையை மடியில் வைத்துக்கொண்டு 138 என்று எழுதியிருக்கிறாள்.

சப்னா முதலில் மாமா உசனாருக்குப் போன் அடித்து ஓட்டோவை எடுத்து வரச் சொன்னாள். அடுத்தது பள்ளிவாசல் மௌலவிக்கு. ஸ்பீக்கரில் போட்டு உம்மாவின் காதருகே பிடித்தாள். மௌலவி முழுக்கக் கேட்கவும் பொறுக்கவில்லை.

"மருந்தெடுக்கப் போறது கூடும் தாய். இத்தா முறியா. காட்டிப்போட்டு வந்து மிச்ச நாள ஊட்டுல இரிங்க. கதச்சிக்கிட்டு நிக்காம வெளிக்கிடுங்க."

வாசலில் ஓட்டோ வந்து நின்றது. றமீஸா அசையவில்லை.

"அதான் கூடுமெண்டு சொல்லிட்டாரே" என்றாள் சப்னா.

"வாப்பாவையும் இப்பிடித்தானே கொண்டு போன. சும்மா பிரஷர் பாத்துட்டு வாறமெண்டு."

அன்று அசர் தொழுகை நேரம் ஆஸ்பத்திரிக்குப் போன வாப்பா, பொழுதுபட்டு மஃரிபுக்கு மையித்தாகத்தான் திரும்பினார். உம்மாவைப் பிடித்து வைத்திருந்தது இத்தா மட்டுமல்ல. இதற்கு எந்த மௌலவியிடம் பதில் கேட்பது?

"சப்னா... உன்ட முகம் ரெண்டாத் தெரியிது."

சுவர் மணிக்கூட்டின் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால், உம்மா கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தாள். பிய்த்து இழுத்தால் பிரஷர் இன்னும் ஏறும். அந்த நேரத்தில் ஏன் அப்படிச் செய்தாள் என்று சப்னாவுக்கே தெரியாது. பட்டியைத் தன் கையில் சுற்றினாள்.

"அப்ப நானும் இஞ்சயே கிடக்கன்" என்றபடி அமுக்கினாள்.

நெஞ்சு குதிரையாய் ஓடியது. மெஷின் 162 காட்டியது.

றமீஸா மெஷினைப் பிடுங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "இதென்ன? முப்பத்தொரு வயசுல நூத்தி அறுவத்திரெண்டா?"

பயத்தில் ஏறியது, கொஞ்சம் இருந்தால் இறங்கிவிடும். அதைச் சொல்ல ஒரு வினாடி போதும். சப்னா சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"எத்தின நாளா இப்பிடி? அறிவு கெட்டவளே, எழும்பு. உன்னக் காட்டணும்."

கட்டில் சட்டத்தை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்து, அவளாகவே வாசலைத் தாண்டினாள். ஓட்டோவில் மகளை ஏசிக்கொண்டே வந்தாள். பிரதான வீதிக்கு ஏறியபோது ஏச்சு குழறியது. அடுத்த வளைவில் நின்றே போனது. உசனார் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில், யாருக்குப் பிரஷர் என்று தாதி கேட்டதற்கு றமீஸா மகளை நோக்கி விரலை நீட்டினாள். விரல் பாதியிலேயே சரிந்தது. தாதி பட்டியை றமீஸாவுக்குச் சுற்றினாள். எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. திரும்பி டொக்டரைக் கூப்பிட்ட குரலே போதுமாக இருந்தது. சக்கரக் கட்டில், திரைச்சீலை, ஊசி. உடனே இறக்கக் கூடாது, மெல்ல மெல்லத்தான் இறக்க வேண்டும், ஸ்கேனும் எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னது சப்னாவின் காதில் பாதிதான் விழுந்தது.

முக்கால் மணித்தியாலம் கழித்து உள்ளே விட்டார்கள். கட்டிலுக்கு மேலே பச்சை எண்கள் மாறிக்கொண்டிருந்தன. உம்மாவின் வலக்கை போர்வைக்கு வெளியே சும்மா கிடந்தது. சப்னா அதைப் பிடித்தாள். விரல்கள் திரும்பப் பிடிக்கின்றனவா என்று காத்திருந்தாள்.

"எத்தின காட்டுது?" றமீஸாவின் நாக்கு இன்னும் கனத்துத்தான் இருந்தது. "மெய்யச் சொல்லு."

"நூத்தி எம்பத்தெட்டு உம்மா."

அவள் கைக்குள் அந்த விரல்கள் மெதுவாக, மிக மெதுவாக மடங்கின.