உயர்ந்துகொண்டே போன மூன்றாம் மாடி

பஸ் ஓட்டும் அம்மாள் குடியிருந்த மூன்றாம் மாடி, அவளுக்கு நாற்பத்தெட்டு முடிந்த வாரத்திலிருந்து உயர ஆரம்பித்தது. தெருவில் நின்று பார்த்தால் கட்டடம் பழைய உயரத்தில்தான் இருந்தது. இரண்டாம் மாடிக்கு மேலே இருந்த படிகள் மட்டும் பெருகின. வாரத்துக்கு ஒன்று, மழை வாரமாக இருந்தால் இரண்டு. வீட்டுக்காரர் ஒரு என்ஜினீயரைக் கூட்டி வந்தார். அவர் பாதி வழியில் உட்கார்ந்து, "படியில கோளாறு இல்லைங்க, என் மூச்சுலதான் கோளாறு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதோடு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

பகலெல்லாம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தே தேய்ந்த முழங்கால் அவளுடையது. முதல் வருடம் காய்கறிப் பையோடு ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு வைத்தாள். இரண்டாம் வருடம் வசவு குறைந்தது. மூன்றாம் வருடம், டிப்போவில் பஸ்ஸிலிருந்து அவள் குதித்து இறங்குவதைப் பார்த்த கண்டக்டர், "என்னக்கா, வயசு ரிவர்ஸ்ல போகுதா?" என்று கேட்டபோதுதான், முழங்கால் வலித்து வெகுநாளாயிற்று என்பதே அவளுக்கு உறைத்தது.

அவள் கணவர் படியில் கால் வைப்பதில்லை. வீட்டிலேயே கம்ப்யூட்டரில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுபவர். அவருடைய அண்ணன் ஐம்பத்தொரு வயதில், ஆபீஸ் மாடிப்படியில் ஏறும்போது சரிந்து விழுந்து அங்கேயே போய்விட்டார். அன்று ஒடுங்கியவர்தான் இவர். இதயம் நன்றாக இருக்கிறது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். "நடக்கலாம், நாளைக்கு" என்றார் இவர். படி வளர வளர அவருக்குச் சாக்கும் வளர்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே பறக்கும் பருந்துகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே அவரும் ஐம்பத்தொன்றைத் தொட்டார். அவள் நச்சரிக்கவில்லை. இப்படியே போனால் ஒருநாள் மனுஷன் கைக்கெட்டாத தூரத்துக்குப் போய்விடுவாரோ என்ற பயத்தை மட்டும் மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் வேலை முடிந்து வந்தவளுக்கு வாசலில் கால் பிசகியது. முதல் படியில் உட்கார்ந்து போன் செய்தாள்.

"என்னங்க, கால் பிசகிடுச்சு. கீழ உட்கார்ந்திருக்கேன்."

"ஐயோ! யாரையாவது கூப்பிடேன்."

"உங்களைத்தான் கூப்பிடறேன்."

போன் துண்டிக்கப்பட்டது. வெகு உயரத்தில் கதவு திறந்தது. செருப்புச் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. ஒரு சுவரில் விழுந்த வெயில் எதிர்ச் சுவருக்குப் போன பிறகுதான் அவர் வந்து சேர்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "வந்துட்டேன்" என்றார், கடல் கடந்து வந்தவரைப் போல. அவளுக்குக் கால் வலி மறந்து அழுகை வந்தது.

வீக்கம் வடியும் வரை தங்கள் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள் இரண்டாம் மாடியில் குடியிருந்த கண்ணாடிக் கடைக்காரரும் அவர் மனைவியும். மாற்றுச் சேலைக்கும் மாத்திரைக்கும் கணவர்தான் மேலே போய் வர வேண்டியிருந்தது. முதல் நாள் வெறுங்கையோடு திரும்பி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாதியில நெஞ்சு அடிச்சுது. அண்ணன் ஞாபகம். சரி, போற உயிர் இங்கேயே போகட்டும்னு உட்கார்ந்துட்டேன்."

"அப்புறம்?"

"அடிச்சுக்கிட்டே இருந்துது. அவ்வளவுதான். அது வேலையே அதுதானே?"

மறுநாள் சேலை வந்தது, ஆனால் மாத்திரையை மறந்திருந்தார். அதற்காக முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு தடவை ஏறினார். கால் சரியானதும் இருவரும் சேர்ந்து வீட்டுக்கு ஏறினார்கள். நடுவில் நின்று நின்று, ஊர்வம்பு பேசிக்கொண்டே.

அவருக்கு ஐம்பத்திரண்டு வந்தது, ஐம்பத்தைந்தும் வந்தது. கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியானபோது வீட்டுக்காரர் அவர்களுக்கே தருவதாகச் சொன்னார். வெளிச்சம் போதாது என்று இருவரும் மறுத்துவிட்டார்கள். படிகள் இன்றும் வளர்கின்றன. சில காலைகளில் சமையலறைக்குள் மேகம் புகுந்துவிடுகிறது. அவர் எதிர் ஜன்னலைத் திறந்து அதை வெளியே அனுப்பிவிட்டு, பால் வாங்கக் கீழே போகிறார்.